ஊரார் கட்டிய கோட்டை: ப்ரெஷ்மேர் தேவாலயமும் அதன் 270 அறைகளும்

கோட்டை என்று சொன்னால் உடனே ஒரு ராஜாவோ பாளையக்காரரோ நம் மனதில் வந்து நிற்பார். கட்டச் சொன்னவர் அவர். உள்ளே குடியிருந்தவரும் அவர். குடிகளெல்லாம் மதிலுக்கு வெளியே. ருமேனியாவின் நடுப்பகுதியான திரான்சில்வேனியாவில் இந்தக் கணக்குக்குள் அடங்காத கோட்டைகள் நூற்றைம்பதுக்கும் மேல் இன்றும் நிற்கின்றன. இவற்றைக் கட்டியவர்கள் விவசாயிகள். கோட்டைக்கு நடுவே அரண்மனை கிடையாது, ஊர்த் தேவாலயம்தான் இருக்கிறது. எதிரி வரும் செய்தி கிடைத்ததும் ஊரே உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்ளும்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஊரின் பெயர் ப்ரெஷ்மேர். ஜெர்மன் மொழியில் டார்ட்லாவ். பிராஷோவ் நகரிலிருந்து வடகிழக்கே இருபது கிலோமீட்டருக்குள்தான். இந்தக் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் மதிலின் பருமனில்தான் ஆரம்பிப்பார்கள். என் கண் போனது வேறிடத்துக்கு. மதிலின் உட்புறத்தில் தேன்கூடு போல அடுக்கிய சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்தான் இந்தக் கோட்டையின் கதை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

யார் இந்த சாக்சன்கள்?

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரியை ஆண்ட இரண்டாம் கேசா, தன் நாட்டின் கிழக்கு ஓரத்தைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் ரைன், மோசெல் ஆற்றுப் பகுதிகளையும் இன்றைய லக்சம்பர்க் பக்கத்தையும் சேர்ந்தவர்கள். இன்றைக்கும் அவர்களுடைய பேச்சுமொழி லக்சம்பர்க் மொழிக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் ஏடுகளில் "சாக்சன்கள்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சாக்சனி நாட்டுக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் மட்டும் எட்டு நூற்றாண்டாக நிலைத்துவிட்டது.

வந்தவர்களுக்கு 1224ஆம் ஆண்டு இரண்டாம் ஆண்ட்ரூ மன்னர் ஒரு சாசனம் கொடுத்தார். ஆண்ட்ரேயானும் என்று அதற்குப் பெயர். நம் கதைக்கு இது ரொம்ப முக்கியம். அவர்கள் சுதந்திரக் குடிகள். தங்கள் பாதிரியாரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஊர் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம். பதிலுக்கு எல்லோரும் சேர்ந்து ஆண்டுக்கு 500 மார்க் வெள்ளி வரி கட்ட வேண்டும், போர் வந்தால் வீரர்களை அனுப்ப வேண்டும். சாசனம் முதலில் சிபியு நகரைச் சுற்றியிருந்த பகுதிக்குத்தான் கிடைத்தது. ப்ரெஷ்மேர் இருக்கும் பர்சா நாட்டுக்கு அதே உரிமைகள் பின்னாளில்தான் வந்து சேர்ந்தன.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஊருக்கு மேலே ஒரு பிரபு கிடையாது. நில உடைமையாளருக்குக் குற்றேவல் செய்ய வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரபு இல்லை என்றால் பிரபுவின் கோட்டையும் இல்லை, அவர் வைத்திருக்கும் படையும் இல்லை. எதிரி வந்தால் ஓடி ஒளிய இடம் கிடையாது. ஊரிலேயே உயரமான கட்டடம், கல்லால் கட்டிய ஒரே கட்டடம் தேவாலயம்தான். எனவே அரணும் அதைச் சுற்றியே எழுந்தது.

தேவாலயம் முதலில், கோட்டை பிறகு

ப்ரெஷ்மேர் தேவாலயத்தைத் தொடங்கியவர்கள் சாக்சன் விவசாயிகள் அல்லர், டியூட்டானிக் சபை வீரர்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. சிலுவைப் போர்க் காலத்தில் உருவான, துறவு விரதமும் வாளும் சேர்ந்த சபை அது. கூமான் நாடோடிகளைத் தடுப்பதற்காக அதே இரண்டாம் ஆண்ட்ரூ 1211இல் பர்சா நாட்டை இவர்களிடம் ஒப்படைத்தார். வந்தவர்கள் கோட்டைகளைக் கட்டினார்கள். பிறகு மன்னரைத் தாண்டி நேராகப் போப்பாண்டவரின் ஆளுகைக்குள் போகப் பார்த்தார்கள். மன்னர் சும்மா இருப்பாரா? 1225இல் படையோடு வந்து துரத்திவிட்டார்.

அடுத்து வந்தவர்கள் சிஸ்டர்சியன் துறவிகள். 1240இல் மன்னர் நான்காம் பேலா, பர்சா நாட்டின் நான்கு தேவாலயங்களின் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்: ஃபெல்டியோவாரா, சின்பெட்ரு, ஹர்மன், ப்ரெஷ்மேர். இந்த ஊரின் பெயர் ஏட்டில் வருவது இந்த ஆவணத்தில்தான்.

கட்டட அமைப்பில் இந்தத் தேவாலயம் திரான்சில்வேனியாவில் தனித்து நிற்கிறது. அங்குள்ள தேவாலயங்கள் பொதுவாக நீளவாக்கில் இருக்கும். மேற்கே வாசல், கிழக்கே பலிபீடம், நடுவில் நீண்ட கூடம். ப்ரெஷ்மேரின் தரைப்படமோ நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள கிரேக்கச் சிலுவை. கைகள் சந்திக்கும் நடுவிடத்துக்கு மேலே எண்கோணக் கோபுரம். பின்னாளில் மேற்குக் கையை நீட்டியதால் இன்று பார்க்கும்போது அந்தச் சமச்சீர் உடனே கண்ணுக்குப் படாது. நடுவில் நின்று நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தால் பழைய திட்டம் புரிந்துவிடும். ஆரம்பகால கோத்திக் பாணி வளைவுகள், விலா எலும்பு போன்ற கல் வரிகள் ஓடும் கூரை. ஆடம்பரச் சிற்ப வேலை குறைவு. சிஸ்டர்சியன்களுக்கு அது பிடிக்கவும் பிடிக்காது.

உள்ளே இருக்கும் மூன்று மடிப்புப் பீட ஓவியம் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. நடுவில் இயேசு சிலுவையில் அறையப்படும் காட்சி. திரான்சில்வேனியாவில் எஞ்சியிருக்கும் இத்தகைய பீடங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இந்த ஓவியம் தப்பியதே ஒரு சுவையான விஷயம். 1540களில் பிராஷோவைச் சேர்ந்த யோஹான்னஸ் ஹொன்டெருஸ் முன்னின்று நடத்திய சீர்திருத்தத்தால் சாக்சன்கள் எல்லோரும் லூத்தரன் ஆனார்கள். ஐரோப்பாவின் வேறு சில இடங்களில் சீர்திருத்தம் வந்தபோது படங்களையும் சிலைகளையும் உடைத்துப்போட்டார்கள். இங்கே ஓவியம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெபம் மாறியது, பீடம் மாறவில்லை.

பயம் வந்த வழி

கார்பாத்தியன் மலைத்தொடர் திரான்சில்வேனியாவைக் கிழக்கிலும் தெற்கிலும் வில் போல வளைத்து நிற்கிறது. மலையைக் கடந்து வரக் கணவாய்கள் உண்டு. அதில் ஒன்று புசாவ் கணவாய். அதன் வழியாக மலையிறங்கி வரும் படைக்கு எதிர்ப்படும் முதல் பெரிய ஊர்களில் ப்ரெஷ்மேரும் ஒன்று. இந்த ஊரின் மதில் பக்கத்து ஊர் மதில்களைவிட ஏன் பருத்திருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1241இல் மங்கோலியர்கள் வந்தார்கள். அடுத்த பெரிய அலை ஒட்டோமான் துருக்கியர்களுடையது; 1390களில் ஆரம்பித்து அடுத்த நூற்றாண்டு முழுக்க நீடித்தது. 1421இல் பர்சா நாடு கடுமையாகச் சூறையாடப்பட்டது. இந்தப் படையெடுப்புகளில் பல நாட்டைப் பிடிப்பதற்காக வந்தவை அல்ல. தானியம், கால்நடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்கள், இவற்றை அள்ளிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சில நாள், சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டால் போதும், படை அடுத்த ஊரைப் பார்த்துப் போய்விடும். இந்தக் கோட்டைகள் கட்டப்பட்டது இந்தக் கணக்கில்தான். பெரிய ராஜ்யப் படையை மாதக்கணக்கில் எதிர்த்து நிற்பது இவற்றின் வேலையே இல்லை.

பிடிபட்டவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒருவருடைய வாழ்க்கையே சாட்சி. 1438இல் சுல்தான் இரண்டாம் முராதின் படை செபெஷ் நகரை முற்றுகையிட்டது. நகரம் பணிந்துபோக முடிவு செய்தது. சிலர் மட்டும் மறுத்து ஒரு கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டார்கள். அதில் அங்கே படிக்க வந்திருந்த ஒரு பையனும் இருந்தான். துருக்கியர்கள் கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். உயிர் பிழைத்த அந்தப் பையன் அடிமையாக விற்கப்பட்டு, இருபது ஆண்டு கழித்துத்தான் விடுதலையானான். பிறகு துறவியாகி, துருக்கியரின் வாழ்க்கைமுறை பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். 1481 வாக்கில் அது ரோமில் அச்சானது. ஹங்கேரியின் ஜார்ஜ் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. செபெஷில் அந்தக் கோபுரத்துக்கு இன்றும் மாணவர் கோபுரம் என்றுதான் பெயர். சாக்சன் ஊர்கள் எதற்குப் பயந்தன என்று கேட்டால் நான் இந்தக் கோபுரத்தைத்தான் காட்டுவேன்.

மதில், வாசல், அறைகள்

இப்போது ப்ரெஷ்மேர் கோட்டைக்குள் போவோம். மதில் ஏறக்குறைய வட்டம். உயரம் சுமார் 12 மீட்டர், அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். பருமன் மூன்று, நான்கு மீட்டர். முன்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி இருந்தது. மதிலின் உச்சியில் காவலர்கள் சுற்றிவரும் கூரை போட்ட நடைபாதை. அதிலிருந்து அம்பு எய்யவும் துப்பாக்கி நீட்டவும் துளைகள், கீழே நிற்பவர்கள் தலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதற்குத் திறப்புகள்.

வாசல்தான் எந்தக் கோட்டைக்கும் பலவீனமான இடம். அதனால் இங்கே அதை ஒரு கதவாக விடாமல், சுமார் 30 மீட்டர் நீளமுள்ள குகை போன்ற வளைவுப் பாதையாக்கிவிட்டார்கள். நடுவில் மேலிருந்து இறங்கும் கனத்த மர அடைப்பு, இரும்பு முனைகளோடு. வெளிக்கதவை உடைத்து உள்ளே வந்தவன் இருட்டில் இன்னொரு அடைப்பில் போய் முட்டிக்கொள்வான். வாசலை ஒட்டிப் பின்னாளில் இணைத்த முற்றம் ஒன்று உண்டு. ரொட்டி சுடும் அடுப்பு அங்கே இருந்ததால் ரொட்டிக்காரர் முற்றம் என்று பெயர்.

சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆயுதமும் இருக்கிறது. "மரண ஆர்கன்" என்பார்கள். தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கனின் குழாய்களைப் போல, ஒரு பலகையில் துப்பாக்கிக் குழல்களை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். பலகை சுழலும். ஒரு பக்க வரிசை வெடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கத்துக்கு மருந்து கெட்டிக்கலாம்.

இதெல்லாம் சரி. நான் முதலில் சொன்ன அறைகளுக்கு வருகிறேன்.

மதிலின் உள்முகத்தில், தேவாலயத்தைப் பார்த்தபடி, நான்கு அடுக்கு வரை சிறு சிறு அறைகள். மொத்தம் 270க்கும் மேல். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக மரப்படிகளும் மரத் தாழ்வாரங்களும். கதவுகள் குட்டையானவை, குனிந்துதான் போக வேண்டும். ஆபத்து வந்தால் சுமார் 1,600 பேர் இங்கே தங்க முடியும் என்று கணக்குச் சொல்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் அறைக்கு ஆறு பேர். ஒரு குடும்பம்.

ஆமாம், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. ஊரில் எந்த வீட்டுக்கு என்ன எண்ணோ, அறைக்கும் அதே எண். நள்ளிரவில் மணி அடித்தால் எந்தப் படியில் ஏறி எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டம் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு "எனக்கு இடம், உனக்கு இடம்" என்று சண்டை போட வேண்டியதில்லை. இடத்துக்கான வழக்கு சமாதான காலத்திலேயே தீர்ந்துவிட்டது. முற்றுகை நடக்கும்போதும் பிள்ளைகளின் படிப்பு நிற்காமலிருக்க ஓர் அறை பள்ளிக்கூடம். பழைய பெஞ்சுகளோடு இன்றைக்கும் அதைக் காட்டுகிறார்கள்.

முற்றுகை இல்லாத நாட்களில்?

ஒரு நூற்றாண்டில் முற்றுகை எத்தனை நாள் இருக்கும்? மற்ற நாட்களில் இந்த 270 அறைகள் என்ன செய்துகொண்டிருந்தன? காலியாகப் பூட்டிக் கிடந்திருந்தால் நாற்பது வருடத்தில் கூரை விழுந்து, மரப்படி இற்று, உண்மையான முற்றுகை வரும்போது உபயோகத்துக்கு ஆகாமல் போயிருக்கும்.

காலியாக விடவில்லை. அறுவடையானதும் தானியம் இங்கேதான் வந்தது. வீட்டில் குதிர் வைத்துக்கொள்வதற்குப் பதில் கோட்டை அறையில் தானியப் பெட்டி. உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக் கொழுப்பும் இப்படித்தான். பல ஊர்களில் அதற்கென்றே ஒரு கோபுரம் இருந்தது. உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்கான கொக்கி, கொழுப்பின் மேல் அந்த வீட்டு முத்திரை. குறிப்பிட்ட நாளில் கோபுரத்தைத் திறப்பார்கள், வேண்டியதை வெட்டிக்கொண்டு மிச்சத்தில் மறுபடி முத்திரை குத்திவிட்டு வருவார்கள்.

எதற்கு இவ்வளவு சிரமம்? இரண்டு காரணம். ஒன்று, படை திடீரென்று வந்தால் மூட்டை தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆள் மட்டும் வந்தால் போதும், சாப்பாடு முன்பே உள்ளே இருக்கிறது. இரண்டாவது, மர வீடுகள் நிறைந்த ஊரில் தீப்பிடித்தால் தானியமும் போகும். கல் மதிலுக்குள் பத்திரம். இந்த இரண்டையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இவற்றால் விளைந்த மூன்றாவது ஒன்று: வாரம்தோறும் ஆட்கள் கோட்டைக்குள் போய் வந்தார்கள். ஓடு ஒழுகினால் தானியம் நனையும், அதனால் உடனே தெரியும், உடனே சரிசெய்வார்கள். படி ஆடினால் அன்றைக்கே ஒருவர் சுத்தியலோடு வருவார்.

சரிசெய்வது யார் வேலை என்பதிலும் குழப்பம் இல்லை. சாக்சன் ஊர்களில் தெருவை ஒட்டி "அண்டைச் சங்கம்" என்று ஓர் அமைப்பு உண்டு. கிணறு தூர்வாருவது, வீடு கட்ட ஒத்தாசை, சாவு வீட்டில் குழி வெட்டுவது, தீயணைப்பு, எல்லாம் அதன் பொறுப்பு. வராதவருக்கு அபராதம். கோட்டைப் பராமரிப்பும் இப்படி ஊர்ப் பொது வேலையாகவே நடந்தது.

மற்ற ஊர்கள் வேறு வழிகளில் போயின. ப்ரெஷ்மேரில் தேவாலயம் சாதாரணமாக நிற்க, அதைச் சுற்றிய வளையம்தான் கோட்டை. வாலியா வீலோரில் தேவாலயத்தையே கோட்டையாக்கிவிட்டார்கள். கூடம், பீடப் பகுதி, கோபுரம் மூன்றின் தலையிலும் போர்த்தளம் ஏற்றி, தேவாலயத்துக்குள்ளேயே கிணறும் தோண்டினார்கள். கெல்னிக்கில் ஒரு பிரபுவின் கோட்டை ஏற்கெனவே இருந்தது. 1430இல் அந்தக் குடும்பத்தார் அதை விற்க, வாங்கியவர்கள் யார் தெரியுமா? ஊர் விவசாயிகள்தான். மூன்று சுற்று மதிலுள்ள பியர்தான் தேவாலயம் 1572 முதல் 1867 வரை லூத்தரன் ஆயரின் இருப்பிடமாக இருந்தது. அங்கே போகிறவர்கள் எல்லோரும், விவாகரத்து கேட்ட தம்பதியை ஒரே கட்டில், ஒரே கரண்டியோடு பூட்டிவைத்த அறையின் கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை.

ப்ரெஷ்மேர் சுமார் ஐம்பது முறை முற்றுகையிடப்பட்டதாகவும் ஒரே ஒரு முறைதான் வீழ்ந்ததாகவும் சொல்வார்கள். அந்த ஒரு முறை வந்தவர் துருக்கியரும் இல்லை, தாத்தாரியரும் இல்லை. 1611இல் கோட்டையைப் பிடித்தவர் காப்ரியேல் பாத்தோரி. அந்த நாட்டின் இளவரசரே அவர்தான்! சாக்சன் நகரங்களின் உரிமைகளைப் பறிக்கக் கிளம்பியவர், சிபியுவைப் பிடித்த கையோடு பிராஷோவ் பக்கம் திரும்பினார். 1613இல் அவர் கொல்லப்பட்டார், கோட்டை மறுபடி ஊர் கைக்கு வந்தது.

எந்த ஊர்?

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஊரே கட்டியது, ஊரே உள்ளே போனது" என்று எழுதிக்கொண்டு வருகிறேன். எந்த ஊர்? அறைகளில் இருந்த எண்கள் உரிமையுள்ள சாக்சன் வீடுகளின் எண்கள். ருமேனியர்களும் ரோமா மக்களும் பல ஊர்களின் ஓரத்தில் வாழ்ந்துதான் வந்தார்கள். 1437இல் உழவர் கிளர்ச்சி ஒன்று வெடித்தபோது ஹங்கேரிய பிரபுக்கள், செக்கெய்கள், சாக்சன்கள் மூவரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அடுத்த நான்கு நூற்றாண்டு திரான்சில்வேனிய அரசியலில் "இனம்" என்றால் இந்த மூன்றுதான். ருமேனியர்கள் எண்ணிக்கையில் எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. சாக்சன் விவசாயியின் சுதந்திரம் உண்மையானது. அது அவனுடைய சுதந்திரம் மட்டுமே என்பதும் உண்மை.

மதில் தடுக்காத ஒன்று

இந்தக் கோட்டைகளைக் காலி செய்தது 20ஆம் நூற்றாண்டு. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ருமேனியாவில் இருந்த ஜெர்மானியர்கள் 7,45,421 பேர். சாக்சன்கள் அதில் ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போரில் இவர்களில் பலர் ஜெர்மன் படைகளில் சேர்ந்திருந்தார்கள். போர் முடியும் தறுவாயில், 1945 ஜனவரியில், 17 முதல் 45 வயது வரையான ஆண்களையும் 18 முதல் 30 வரையான பெண்களையும் சோவியத் ஒன்றியத்துக்கு வேலைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ருமேனியா முழுவதிலிருந்தும் சுமார் 70,000 பேர். பலர் திரும்பவே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த நிலச் சீர்திருத்தம் அவர்களுடைய வயல்களை எடுத்துக்கொண்டது.

வயல் போனால் அறுவடை ஏது? அறுவடை இல்லாதவனுக்குத் தானிய அறை எதற்கு? எண் கதவில் இருந்தது, உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. என் பார்வையில் கோட்டை செத்துப்போக ஆரம்பித்தது இங்கேதான். ஆட்கள் கூட்டமாகக் கிளம்பியது அதற்குப் பல வருடம் கழித்து.

அடுத்து, 1960களின் இறுதியிலிருந்து 1989 வரை, சாவ்ஷெஸ்குவின் அரசு ஜெர்மானியர்களைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் போனார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும் 1990 ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் கிளம்பிவிட்டார்கள். எட்டு நூற்றாண்டு இருந்த ஊர்கள் சில மாதத்தில் காலி. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுக்க மிஞ்சிய ஜெர்மானியர்கள் சுமார் 23,000 பேர்.

நடுவில் ப்ரெஷ்மேருக்கு ஓர் அதிர்ஷ்டம். 1960களில் அதைப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். 1993இல் பியர்தானை உலக மரபுச் சின்னமாக்கிய யுனெஸ்கோ, 1999இல் ப்ரெஷ்மேர் உள்ளிட்ட மேலும் ஆறு ஊர்களை அதனோடு சேர்த்தது. இன்று அது டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கும் இடம். ஏழு ஊர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. மற்ற ஊர்கள்?

2016 பிப்ரவரியில் அதற்குப் பதில் தெரிந்தது. ரோவாதெஷ் ஊர்த் தேவாலயக் கோட்டையின் ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. அதே வாரத்துக்குள் ரொத்பாவ் தேவாலயத்தின் மணிக்கோபுரமும் விழுந்தது. யாரும் முற்றுகையிடவில்லை, பீரங்கி எதுவும் வரவில்லை. ஒழுகும் ஓட்டைப் பார்த்து உடனே ஆள் கூப்பிட ஊரில் அண்டைச் சங்கம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஓர் ஊரும் யுனெஸ்கோ பட்டியலிலேயே இருக்கிறது. தர்ஜியு. அது சாக்சன் ஊர் இல்லை. ஹங்கேரிய மொழி பேசும் செக்கெய்களின் ஊர், யூனிட்டேரியன் தேவாலயம். அங்கே இருந்தவர்கள் ஊரைவிட்டுக் கூட்டமாகப் போகவில்லை. அதனால் பன்றிக் கொழுப்பையும் தானியத்தையும் கோட்டை மதிலுக்குள் வைக்கும் பழக்கம் நம் காலம் வரை தொடர்கிறது. குறித்த நாளில் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கோட்டையின் கூரையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

சாக்சன் ஊர்களுக்கு இந்த வழி திரும்ப வராது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருகிறார்கள், பழுதுபார்க்க நன்கொடை அனுப்புகிறார்கள். அதன் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஜனவரி மாதப் பனியில் ஓடு நகர்ந்ததை ஜெர்மனியில் இருந்துகொண்டு யாரும் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர்கள் ஊரில் இப்போது குடியிருக்கும் ருமேனியர்களும் ரோமா மக்களும்தான். அந்த 270 அறைகளில் அவர்களுடைய முன்னோர்களுக்கு எண் இருந்ததில்லை. அவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வேலை, ஒரு பிழைப்பு, ஒரு பாத்தியதை ஏற்படாமல் மதிலுக்கு மட்டும் பணம் செலவழித்தால், அடுத்த கோபுரம் எது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ப்ரெஷ்மேர் பக்கம் போக வாய்ப்பு கிடைக்கிறவர்கள் மதிலின் பருமனை அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். மரப்படியில் ஏறி, ஏதாவது ஓர் அறைக் கதவின் முன்னால் நின்று அதன் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுள்ள வீடு இன்றும் ஊரில் இருக்கும். அங்கே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.